ஐம்பத்தேழு கட்டுகள்

ஓவியக்காரியின் காகிதங்களை ஆவணக் காப்பகத்தில் பிரிக்க ஆரம்பித்த வாரத்தில் அவளுடைய மகள் பதினோரு கிலோ குறைந்தாள். ஆனால் உடம்பு துளிகூட இளைக்கவில்லை. கைக்கடிகாரப் பட்டை அதே துளையில்தான் மாட்டியது, சட்டைப் பொத்தான்கள் வழக்கம்போல வயிற்றுப் பக்கம் இழுத்துப் பிடித்தன. டாக்டர் எடை இயந்திரத்தைத் தட்டிப் பார்த்தார், வேறொன்றைக் கொண்டுவரச் சொன்னார், கடைசியில் தானே ஏறி நின்று பார்த்தார். அவர் எடையை அது கிராம் பிசகாமல் காட்டியது. அதில் அவருக்குத்தான் கொஞ்சம் மனக்கஷ்டம். போன மாதச் சீட்டில் ஐம்பத்தேழு, இந்த மாதம் நாற்பத்தாறு. ரத்தம், சிறுநீர், நெஞ்சுப் படம் எதிலும் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. வேளாவேளைக்குச் சாப்பிடுங்கள், கவலையைக் குறையுங்கள் என்று சொல்லி அனுப்பிவிட்டார். மகளுக்கு வயது அறுபத்தொன்று. ரயில் நிலைய விசாரணைக் கவுண்டரில் முப்பத்தாறு வருஷம் உட்கார்ந்து ஓய்வு பெற்றவள். இப்போது அவள் நடந்தால் செருப்புச் சத்தம் கேட்கவில்லை. மாடி ஏறினால் மூச்சு வாங்கவில்லை. தெருமுனையில் லாரி வேகமாகக் கடந்தால் மட்டும் விளக்குக் கம்பத்தைப் பிடித்துக்கொள்ள வேண்டியிருந்தது.

அம்மா மூன்று மாதம் முன்பு எண்பத்தாறு வயதில் காலமாகியிருந்தாள். பெரிய பெரிய காட்சியகங்களில் அவள் படங்கள் தொங்குகின்றன. பத்திரிகைக்காரர்கள் அவளை மீயதார்த்த ஓவியர் என்றார்கள். அதாவது, கனவில் நடப்பதைப் பகலில் உட்கார்ந்து வரைகிறவள் என்று. அவள் அதை ஒருநாளும் ஒப்புக்கொண்டதில்லை. அந்த வீட்டில் மாடிப்படிக்கு வெள்ளிக்கிழமைகளில் ஒரு படி கூடும். கூடத்துக் கண்ணாடி பத்து நிமிஷம் தாமதமாக ஓடும். தலைவாரிவிட்டு வெளியே போன பிறகுதான் வாருகிற முகம் அதில் தெரியும். கோடை வந்தால் சமையலறைக் குழாயில் தண்ணீருக்குப் பதில் நிழல் ஒழுகும்; அதை வாளியில் பிடித்துத் தரையில் ஊற்றினால் மாலை வரைக்கும் வீடு குளுகுளுவென்று இருக்கும். இவற்றை அவள் கண்ணால் கண்டபடி வரைந்தாள், அவ்வளவுதான். கற்பனை வளத்தைப் புகழ்ந்து எழுதிய விமர்சகர் ஒருவருக்கு, எனக்குக் கற்பனை என்று ஒன்று கிடையாது, வீட்டுக்கு வந்தால் காட்டுகிறேன் என்று பதில் போட்டாள். அவரும் வந்தார்; வந்தது வெள்ளிக்கிழமை. முன்பல் ஒன்றைப் படியிலேயே விட்டுவிட்டுப் போன மனிதர், அதற்குப் பிறகு அவளைப் பற்றி ஒரு வரி எழுதவில்லை.

இப்படி எல்லாவற்றையும் வரைந்தவள் பெற்ற மகளை மட்டும் வரையவில்லை. அடுத்த வீட்டு நாயை வரைந்தாள், தபால்காரரின் சைக்கிளை வரைந்தாள், மகளுடைய ஒற்றைக் கை பொம்மையைக்கூட ஆளுயரத்துக்கு வரைந்து பரிசு வாங்கினாள். ஏழாவது பிறந்தநாளுக்குப் புதுச் சட்டை போட்டுக்கொண்டு அந்தப் பிள்ளை தூரிகைகளுக்கு முன்னால் போய் அசையாமல் நின்றது. அம்மா அவள் பாதங்களை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "போ, போய் விளையாடு" என்றாள். அம்மா அவளிடம் பேசும்போதெல்லாம் கண் தரையில்தான் இருக்கும். மகள் பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பினால் மற்ற வீட்டு அம்மாக்கள் வாசலில் நின்று கையாட்டுவார்கள். இவள் விறுவிறுவென்று மாடிக்குப் போய்க் கதவைத் தாழ்போடுவாள். தாழ்ப்பாள் விழும் அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டேதான் மகள் ஒவ்வொரு நாளும் தெருவில் இறங்கினாள். பிறகு வேலை கிடைத்து இரண்டு தெரு தள்ளிக் குடிபோனபோதும் நிலையத்துக்குப் போகிற வழி அம்மாவின் மாடி ஜன்னலுக்குக் கீழேதான். அங்கே திரை எப்போதும் மூடியிருக்கும். மூடிய திரையை எத்தனை வருஷம்தான் அண்ணாந்து பார்ப்பது? ஒரு கட்டத்தில் அவள் பார்ப்பதை விட்டுவிட்டாள்.

சரி, வேண்டாத பிள்ளை என்றால் போகவாவது விடலாம். அதுவும் இல்லை. பதவி உயர்வோடு வேறு ஊருக்கு மாற்றல் வந்தது இரண்டு முறை. இரண்டு முறையும் அம்மாவுக்குக் காய்ச்சல் நூற்று நாலு. மகளுக்கு முப்பத்திரண்டு வயதானபோது சிக்னல் இன்ஸ்பெக்டர் ஒருவர் அவளைக் கட்டிக்கொள்ள ஆசைப்பட்டு வீட்டுக்கே வந்து கேட்டார். நல்ல மனிதர், சிரித்தால் ஒரு கன்னத்தில் மட்டும் குழி விழும். அம்மா அவரிடம் பென்சிலைக் கொடுத்து ஒரு பாதம் வரையச் சொன்னாள். அவர் வரைந்ததைப் பார்த்துவிட்டு, இவர் சரிப்படமாட்டார் என்று எழுந்து உள்ளே போய்விட்டாள். அவருக்குத் தலையும் புரியவில்லை, காலும் புரியவில்லை. இரண்டு வருஷம் காத்திருந்துவிட்டு மாற்றலாகிப் போனார். மகளை அனுப்பவும் மாட்டாள், பக்கத்தில் உட்கார்த்தி வைத்துக்கொள்ளவும் மாட்டாள் என்று ஊரே பேசிற்று. கடைசி நாலு வருஷம் அம்மாவுக்குக் கால் விழுந்துவிட்டது. மகள்தான் கூடவே இருந்து குளிப்பாட்டினாள், ஊட்டினாள், படுக்கை மாற்றினாள். அப்போதும் அம்மா அவள் முகத்தைப் பார்க்கவில்லை. தட்டை எடுத்துக்கொண்டு அவள் திரும்பிய பிறகுதான் முதுகுக்குப் பின்னால் தலையணை அடியில் ஏதோ சரசரக்கும்.

எல்லாம் முடிந்த பிறகு அவள் அம்மாவின் காகிதங்களை எதையும் பிரித்துப் பார்க்காமல் முப்பத்திரண்டு அட்டைப்பெட்டிகளில் போட்டுக் காப்பகத்துக்குக் கொடுத்துவிட்டாள். பிரித்துப் பார்க்கும் தைரியம் இல்லை என்பதுதான் உண்மை. காப்பகம் ஒரு பழைய கட்டடத்தின் இரண்டாம் மாடியில் இருக்கிறது. கூரை உயரம், தாள் பறக்கும் என்று மின்விசிறி கிடையாது. பேனாவுக்கு அனுமதி இல்லை, பென்சில் மட்டும். பையை வெளியே வைக்க வேண்டும், கையைக் கழுவ வேண்டும், உள்ளே வந்த நேரமும் வெளியே போகும் நேரமும் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். காப்பாளர் ஐம்பத்தைந்து வயது மனிதர்; விதி என்றால் விதிதான், தன் வீட்டுக்கு வந்த கல்யாணப் பத்திரிகையைக்கூடக் கையைக் கழுவிவிட்டுத்தான் பிரிப்பார். ஒப்படைப்புத் தாளில் கையெழுத்துப் போடும்போது மகள் அவரிடம் ஒன்றே ஒன்று கேட்டாள். "சார், இதுல எங்கயாவது அம்மா என்னை வரைஞ்சிருந்தா சொல்லி அனுப்புங்க. ஒண்ணு போதும்." அவர் அதையும் பென்சிலால் குறித்துக்கொண்டார்.

காப்பகத்தில் முதல் வேலை இரும்பை எடுப்பது. குண்டூசியோ கிளிப்போ எதுவானாலும் துருப்பிடிக்கும், துரு தாளைத் தின்னும். அதனால் எந்தப் பெட்டி வந்தாலும் படிப்பதற்கு முன்னால் ஊசிகளைப் பிடுங்கிவிடுவார்கள். இந்தப் பெட்டிகளில் துணியில் சுற்றிய ஐம்பத்தேழு கட்டுகள் இருந்தன, வருஷத்துக்கு ஒன்று. ஒவ்வொரு கட்டிலும் உள்ளங்கை அளவுத் தாள்கள், ஒரு நாளுக்கு ஒரு தாளாக, நேற்றையதோடு இன்றையதைச் சேர்த்துக் குண்டூசியால் குத்தப்பட்டிருந்தன. படம் உள்பக்கம் இருக்கும்படி குத்தியிருந்ததால் ஊசியை எடுக்காமல் எதையும் பார்க்க வழியில்லை. காப்பாளர் மழுங்கிய சின்னக் கத்தியால் தாள் கிழியாமல் ஊசியைத் தூக்கி ஒரு பிஸ்கட் டப்பாவில் போடுவார். நாளுக்கு இரண்டு கட்டு என்று ஆறு நாள் வேலை நடந்தது. கடைசி நாள் மின்வெட்டால் ஒன்றுதான் முடிந்தது. எல்லாத் தாளிலும் ஒரே பெண் குழந்தை, முதுகு காட்டிப் போய்க்கொண்டிருந்தது. முகம் இல்லை. சட்டை, பின்னல் எல்லாம் அவசரக் கோடுகள்; பாதம் மட்டும் நகம் வரை நிதானமாக, தரையில் அழுந்தி, கீழே நிழலோடு. ஊசி சரியாகப் பாதமும் தரையும் சேரும் இடத்தில் இறங்கியிருந்தது. யாரோ மாடல் பிள்ளை என்று அவர் நினைத்தார்.

பெட்டியில் இருந்த வரிசையை மீறமாட்டார், அதனால் முதல் பெட்டியில் அந்தப் பதினோரு கட்டுகளுக்கும் அடியில் கிடந்த நோட்டுப்புத்தகத்தை ஏழாம் நாள்தான் திறந்தார். முதல் பக்கத்தைப் படித்ததும் கத்தியைக் கீழே வைத்தார். பிறகு மகளுக்குப் போன் செய்து, எங்கேயும் நிற்காமல், சுவரோரமாக நடந்து வரச் சொன்னார்.

நோட்டுப்புத்தகத்தில் அம்மாவின் எழுத்து, மளிகைச் சாமான் குறிப்பது போல ஒழுங்காக. பிள்ளைக்கு நாலு வயது, தலை பின்னும்போது தரையை விட்டு ஒரு சாண் எழும்பினாள், பிடித்து இழுத்தேன், மறுபடி எழும்பினாள். மேஜைக்காலில் கட்டிவைத்துவிட்டு, பாதம் தரையில் இருப்பதாக ஒரு படம் வரைந்து ஊசி குத்தினேன், இறங்கிவிட்டாள். இரண்டாம் மாதம் எனக்கு ஜுரம், ஒரு நாள் வரையவில்லை, பிள்ளை அலமாரி உயரத்துக்குப் போய்விட்டாள். கட்டு சேரச் சேரப் பரவாயில்லை, ஒரு நாள் விட்டாலும் பழைய கட்டுகள் தாங்குகின்றன. அவளிடம் சொல்லக்கூடாது, பயப்படுவாள், பயந்தவர்கள் இன்னும் லேசாகிவிடுகிறார்கள். முகத்தைப் பார்த்தால் கை நடுங்குகிறது, பாதத்தைப் பார்த்தால் நடுங்குவதில்லை, அதனால் பாதத்தையே பார்க்கிறேன். திரைக்குப் பின்னால் நிற்பது தெரிந்தால் நின்றுவிடுவாள், நடக்கும்போதுதான் பாதம் நன்றாக அழுந்துகிறது. சிக்னல் இன்ஸ்பெக்டரைப் பற்றியும் இருந்தது. நல்ல பையன், இவள் அவனோடு போனால் அங்கே தினமும் வரைவது யார்? வரையச் சொல்லிப் பார்த்தேன், வாத்துக்கால் மாதிரி வரைகிறான்.

மகள் கடைசிவரை படித்தாள். படிக்கும் கூடத்தில் அமைதி காக்கவும் என்று பெரிய எழுத்தில் பலகை இருக்கிறது, அதற்குக் கீழேயே நின்று, "ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே! பூச்சியைக் குத்தி வெக்கிற மாதிரி வெச்சிருந்தாளே என்னை! நான் என்னன்னு நெனச்சேன் இத்தனை வருஷமா!" என்று கத்தினாள். காப்பாளர் பலகையைப் பார்த்துவிட்டு, அவள் பக்கம் ஒரு நாற்காலியை நகர்த்தினார். எதிர் மேஜையில் நில வரைபடம் பார்த்துக்கொண்டிருந்த வக்கீல் குமாஸ்தா மட்டும் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். அவளுக்குக் கோபம் அடங்க வெகுநேரம் ஆனது. அதற்குள் இரண்டு முறை நாற்காலியை விட்டு எழும்பினாள், இரண்டு முறையும் மேஜை விளிம்பைப் பிடித்து இறங்கிக்கொண்டாள்.

காப்பாளர் அன்றைக்குத் தன் வாழ்க்கையில் முதல்முறையாக விதியை மீறினார். துருப்பிடிக்காத புது ஊசிகளை வரவழைத்து, பிரித்த பதினோரு கட்டுகளையும் அதே துளைகளில் மறுபடி குத்தினார். எடை ஒரு கிராம்கூடத் திரும்பவில்லை. குத்திய கை வேறு என்பதால் இருக்கும். அவருக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. "என்னை மன்னிச்சிருங்கம்மா. மிச்சம் நாப்பத்தாறு கட்டு இருக்கு. நான் தொடமாட்டேன், வேற யாரையும் தொட விடமாட்டேன், பெட்டிக்கு சீல் வெச்சிடறேன். நீங்க பாட்டுக்கு நடமாடலாம்" என்றார். அவள் பிரித்த தாள்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். நாலு வயதிலிருந்து பதினைந்து வரைக்கும் அவளுடைய முதுகு அங்கே நடந்து போய்க்கொண்டிருந்தது. "முகம் ஒண்ணுலயும் இல்லையா சார்?" என்றாள். இதுவரை இல்லை என்றார் அவர். "அப்ப மிச்சத்தையும் பிரிங்க. ஒரு தடவையாவது என் மூஞ்சியைப் பாத்திருக்காளான்னு எனக்குத் தெரியணும். தரையில நடந்து நடந்து நான் எங்க போயிட்டேன்?" பிரித்தால் திரும்பச் சேர்க்க முடியாது என்று அவர் எடுத்துச் சொன்னார். தெரியும் என்றாள்.

பிறகு நாளுக்கு ஒரு கட்டு. காலையில் வந்து கையைக் கழுவிக் கையெழுத்துப் போட்டுவிட்டு உட்காருவாள். அவர் ஊசிகளை எடுத்து ஒவ்வொரு தாளாகத் தள்ளுவார். பள்ளிப் பை, வேலைக்குப் போன முதல் நாள், புதுச் செருப்பு கடித்து நொண்டிய வாரம், முதல் நரை எட்டிப்பார்த்த பின்னல், எல்லாம் இருந்தன. சிலவற்றின் பின்பக்கம் ஒரு வரி எழுதியிருந்தது. சிக்னல் இன்ஸ்பெக்டரை ரயிலேற்றிவிட்டுத் திரும்பிய நாளின் தாளில், கையில் மடக்கிய குடையோடு ஒருத்தி மழையில் போகிறாள். பின்னால் எழுதியிருந்தது: குடையை விரிக்கவில்லை. கூப்பிடத் தோன்றியது. கூப்பிட்டால் திரும்புவாள், முகம் தெரியும், இன்றைக்கு என்னால் முடியாது. அந்தத் தாளை மகள் அரைநாள் கையில் வைத்திருந்தாள். யாருக்கும் வேண்டாதவளாக அவள் நடந்ததாக நினைத்த அத்தனை நாளும் ஒருத்தி திரைக்குப் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள். அது சந்தோஷமா துக்கமா என்று அவளால் பிரித்துச் சொல்ல முடியவில்லை. பிரியாமல் இரண்டும் ஒன்றாக வந்தன, அழுதாள்.

இருபதாவது கட்டில் அவளுடைய பைகளில் இரும்புப் பேப்பர்வெயிட்டுகள் போட வேண்டியிருந்தது. முப்பதில் கட்டுக்கு ஒரு கிலோ என்ற கணக்கும் தப்பி, அவையும் அவளோடு சேர்ந்து லேசாகிவிட, பெட்டி கட்டும் பருத்தி நாடாவால் நாற்காலியோடு கட்டினார்கள். நாற்பதில் நாற்காலியும் எழும்பியது. அது அரசாங்கச் சொத்து, எண் போட்டது என்பதால் காப்பாளர் நாடாவை அவிழ்த்து நாற்காலியை மட்டும் இறக்கிக்கொண்டார். அதன்பின் அவள் கூரையில் முதுகை ஒட்டிக்கொண்டு கீழே பார்த்தபடி படித்தாள். அவர் புத்தக ஏணியில் ஏறித் தாள்களை நீட்டினார். வீட்டுக்குப் போவது சிரமம் என்று அங்கேயே தங்கினாள். அதற்கும் விதி இல்லை, மறுப்பதற்கும் விதி இல்லை. ஊரிலிருந்து நாலு பேர் வந்து எட்டிப் பார்த்து, உடம்பு எப்படி இருக்கிறது என்று விசாரித்துவிட்டுப் போனார்கள். வக்கீல் குமாஸ்தா, அவளுடைய நிழல் தன் வரைபடத்தில் விழுவதாக ஒரே ஒருமுறை குறைப்பட்டுக்கொண்டார். அவளும் சன்னல் பக்கமாக நகர்ந்துகொண்டாள்.

ஐம்பத்தேழாவது கட்டு ஒரு புதன்கிழமை. படுக்கையில் கிடந்து வரைந்த தாள்கள், கோடு நடுங்கியது, ஆனாலும் பாதம் மட்டும் பிசகவில்லை. தட்டை எடுத்துக்கொண்டு போகிற மகளின் குதிகால் வெடிப்பு வரை இருந்தது. முந்நூற்றுச் சொச்சம் ஊசிகளும் டப்பாவில் விழுந்தன. முகம் இல்லை. மகள் கூரையில் கண்ணை மூடிக்கொண்டாள். காப்பாளர் துணியை மடிக்க எடுத்தபோது அதன் அடியில் இன்னொரு தாள் தனியாகக் கிடந்தது, தேதி அம்மா இறந்ததற்கு முந்தைய நாள். அவர் அதைப் பார்த்தார், ஏணியில் ஏறி இரண்டு கையாலும் தூக்கிப் பிடித்தார்.

அதில் பாதம் இல்லை, தரையும் இல்லை, நிழலும் இல்லை. முகம் மட்டும் இருந்தது. ஒரு கண் மேலே, ஒரு கண் கீழே, மூக்கு கோணல், கை அவ்வளவு நடுங்கியிருக்கிறது. உலகம் புகழ்ந்த ஓவியக்காரி வரைந்தது என்று சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள். ஆனால் நெற்றித் தழும்பு இருக்கிற இடத்தில் இருந்தது, இடது புருவத்து மச்சம் இருந்தது, அறுபத்தோரு வருஷத்துக் களைப்பு கண்ணுக்குக் கீழே பை பையாக இருந்தது. அன்றைக்கு அம்மா தன்னிடம் தண்ணீர் கேட்டதும், டம்ளரை வாயில் வைத்த தன்னை நிமிர்ந்து பார்த்ததும் மகளுக்கு நினைவு வந்தது. வலியில் பார்க்கிறாள் என்று அப்போது நினைத்திருந்தாள். தாளின் நாலு மூலையையும் காப்பாளர் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஊசி குத்திய துளை எங்கேயும் இல்லை.

அவளுடைய கண்ணீர் இருபதடி கீழே மேஜையில் விழுந்தது. காப்பாளர் இறங்கித் தாள்களை மட்டும் ஒதுக்கி வைத்துவிட்டு, நனைந்தபடி நின்றார். கண்ணைத் துடைத்துக்கொண்டு அவள், சன்னலைத் திறந்துவிடுங்கள் என்றாள். அவருக்கு இன்னொரு விதியையும் மீறத் தோன்றியது. "இந்த ஒரு தாளை நீங்க எடுத்துட்டுப் போங்கம்மா. நான் எழுதிக்க மாட்டேன்" என்றார். "வேணாம் சார், காத்துல கசங்கிடும்" என்றாள் அவள். "நான்தான் பாத்துட்டேனே." அவர் பதிவேட்டை மேலே நீட்டினார், வெளியே போகும் நேரம் மூன்று பத்து என்று பென்சிலால் எழுதிக் கையெழுத்துப் போட்டாள். பட்டியலில் அந்தத் தாளுக்கு எதிரே, மகளின் முகம், நல்ல நிலையில் உள்ளது என்று அவர் எழுதிவைத்திருக்கிறார்.

சன்னலை விட்டு அவள் முதலில் காலை நீட்டி, தண்ணீரில் இறங்குகிறவளைப் போலத் தயங்கி, பிறகு கையை விட்டாள். காற்று மெதுவாகத்தான் இருந்தது. எதிர்க் கட்டடத்து மாடியில் ஒரு பெண் படுக்கை விரிப்புகளைக் காயப் போட்டுக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்த்தவள், வருகிறவளின் கால் மாட்டிக்கொள்ளக் கூடாதே என்று கொடிக்கயிற்றை ஒரு கையால் தாழ்த்திப் பிடித்தாள். "மெதுவா போங்கக்கா, அந்தப் பக்கம் கரண்ட் கம்பி இருக்கு" என்றாள். சரிம்மா என்று சொல்லிவிட்டு அவள் கம்பிக்கு மேலே ஒதுங்கி, கிழக்கே போனாள். அந்தப் பெண் கயிற்றை விட்டுவிட்டு அடுத்த விரிப்பை உதறினாள்.